கூழும் சாவியும்

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பெண்கள் கழிப்பறையின் சாவி ஒரு மரக்கட்டையில் கட்டியிருக்கும். துணி அளக்கிற மீட்டர் கட்டை எப்போதோ உடைந்துபோனதில் ஒரு பாதி அது. முனையில் ஓட்டை போட்டு, சணல் கயிற்றில் சாவியைக் கோத்து, முதல் மாடியில் மேனேஜர் மேசைக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். சாவி தொலைந்துவிடக் கூடாதாம், அதற்காகக் கட்டை. வாடிக்கையாளர்கள் போய் அசிங்கம் செய்துவிடுவார்களாம், அதற்காகப் பூட்டு. நான் சேர்வதற்கு முன்பே இருந்த ஏற்பாடு. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

போக வேண்டும் என்றால் மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் கையை மட்டும் பின்னால் நீட்டிக் கட்டையை எடுத்துக் கொடுப்பார். முழ நீளக் கட்டை, மடியிலும் மறையாது, முந்தானையிலும் மறையாது. அதைப் பிடித்துக்கொண்டு புடவைக் கூட்டத்தைத் தாண்டி மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டும். கட்டையோடு போகிறவள் எங்கே போகிறாள் என்று பில் போடுகிறவர் முதல் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டாம் தடவை கட்டை எடுத்தால், "இன்னா, உடம்பு சரியில்லையா?" என்று யாராவது அக்கறையாகக் கேட்பார்கள். அந்த அக்கறைக்குப் பயந்தே நாங்கள் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆண்களுக்குக் கட்டையும் கிடையாது, சாவியும் கிடையாது. டீ குடிக்கப் போகிற போக்கில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டு வந்துவிடுவார்கள்.

மற்றபடி கடை மோசம் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் சொன்ன தேதியில் வரும். உட்கார ஸ்டூல்கூடப் போட்டிருக்கிறார்கள், சட்டம் வந்த பிறகு. ஸ்டூல் மேல் அட்டைப்பெட்டி இருக்கும், அது வேறு விஷயம்.

என் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கும் அப்பால். காலையில் ஃப்ரீ பஸ்ஸில் ஏறினால் கள்ளக்குறிச்சி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ரோட்டில் நிறைந்த வயிற்றோடு உட்கார்ந்து வர முடியாது. அதனால் காலையில் அரை டம்ளர் டீயோடு சரி. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மிடறு தண்ணீர். மற்றதெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்துதான். ஆறு வருஷம் இப்படியே ஓட்டினேன். இதை ஒரு திறமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் அதோடு முடியவில்லை. இந்தத் திறமையை என் மகளுக்கும் கற்றுக்கொடுத்தேன்.

அவள் அப்போது ஏழாம் வகுப்பு போயிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இருக்கிறது, தண்ணீரும் வருகிறது, ஆனால் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்றாள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். "அதுக்கு இன்னாடி, தண்ணிய கம்மியா குடி. சாயங்காலம் வூட்டுக்கு வந்து குடிச்சிக்கோ" என்றேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுடைய தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே நிறைந்து திரும்பி வரும். சொன்ன பேச்சைக் கேட்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம்தான். மறுநாள் பாட்டிலைக் கழுவி மறுபடியும் நிரப்பி அனுப்புவேன். எதற்கு நிரப்பினேன் என்று தெரியவில்லை.

மறுவருஷம் கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சுருண்டு படுத்தாள். அடிவயிறு வலிக்கிறது, ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்றாள். சூடு என்று நானே முடிவு செய்தேன். தொப்புளிலும் கால் கட்டைவிரல் நகத்திலும் விளக்கெண்ணெய் வைத்தேன். வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவளுக்கு உடம்பு சுட்டது. கடையில் ஆடித் தள்ளுபடிச் சரக்கு வந்து இறங்குகிற நாள். லீவு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது போர்வைக்குள் பல் கிட்ட நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அன்றைக்கு வேலைக்குப் போனதற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒரு முறை வருவார். போனில் சொன்னதும், "நாளைக்கு வேலையெல்லாம் வுடு, டவுனு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றார். விடிந்ததும் இட்டுக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவராக இருப்பார். பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, மூத்திரத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடமே பேசினார்.

"பாப்பா, ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பே?"

"ஸ்கூல்ல குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"அம்மாதான் குடிக்காதன்னு சொல்லிச்சு."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். இதற்கு முன்பு வலித்ததா என்று டாக்டர் கேட்டபோது, போன வருஷமே இரண்டு மூன்று தடவை வலித்தது, தானாகச் சரியாகிவிட்டது என்றாள். எனக்கு அது தெரியாது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடிக்கடி வந்தா கிட்னிக்குப் போயிடும்மா. சின்னப் பொண்ணு. நீங்க எவ்ளோ குடிக்கிறீங்க?"

"நான் ஜவுளிக்கடையில வேலை செய்யறேங்க" என்றேன், அது ஏதோ பதில் மாதிரி. டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. மாத்திரை எழுதினார். தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மதியம் மூன்று மணிக்கு வைப்பார்கள் என்பதால் அதற்கு முன்பு நான் போனதே இல்லை. அன்றைக்கு அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று போனேன். எழுந்து நின்று தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னேன். என் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த இரண்டு அம்மாக்கள், "எங்க வூட்டுப் பொண்ணும் இதையேதான் சொல்லுது" என்றார்கள். தலைமையாசிரியை குறித்துக்கொண்டார். நான்கு நாளில் தாழ்ப்பாள் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் போனில் வேறு அளந்தேன்.

என் மகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "ஸ்கூல்ல பேசினியே, உங்க கடையில பேசினியா?"

"கடை வேறடி."

"இன்னா வேற?"

சாப்பிடும்போது பேசாதே என்றேன்.

பேசித்தான் பார்ப்போம் என்று தீர்மானித்து மூன்று நாள் பஸ்ஸில் வார்த்தைகளைக் கட்டிக்கொண்டு வந்தேன். சார், சாவிய மேசையில வைக்காம எங்க சாப்பாட்டு ரூம்புல வைங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான்காம் நாள் மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் தலை நிமிராமல் கையைப் பின்னால் விட்டுக் கட்டையை எடுத்து நீட்டினார். "சீக்கிரம் வாங்க, பார்ட்டி நிக்கறாங்க." நான் கட்டையை வாங்கிக்கொண்டேன். வராத அவசரத்துக்கு மூன்றாவது மாடி வரைக்கும் ஏறி, கதவைத் திறந்து, சும்மா நின்றுவிட்டு இறங்கி வந்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

என் பக்கத்தில் சில்க் செக்‌ஷனில் நிற்கும் அக்கா கருணாபுரத்திலிருந்து வருகிறவர். அங்கே நடந்த கள்ளச்சாராயச் சாவில் வீட்டுக்காரரை இழந்தவர். அதைப் பற்றி அவரும் பேச மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். இரண்டு பிள்ளைகள், இவர் சம்பளம் ஒன்றுதான். நான் பேசப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, மடித்துக்கொண்டிருந்த புடவையை நிறுத்தினார்.

"பேசு. ஆனா எல்லாரும் சேர்ந்து கேக்கறோம்னு சொல்லாத. என்னை அதுல சேக்காத. என்னை வுட்டுடு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆடி பிறந்தது. கூட்டம் நெருக்கியது. பதினொன்றிலிருந்து இரண்டு வரைக்கும், சாயங்காலம் ஐந்துக்கு மேலும் சாவி கிடையாது என்று புது உத்தரவு போட்டார் மேனேஜர். "சீசன் வரைக்கும்தாம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." நாங்கள் தலையாட்டினோம். இருக்கிற தண்ணீரையும் குறைத்துக்கொண்டோம்.

ஆடி வெள்ளிக்கிழமை எங்கள் கடையில் கூழ் ஊற்றுவார்கள். முதலாளியின் அம்மாவை நாங்கள் பெரியம்மா என்போம். அவர் வீட்டிலேயே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, மாரியம்மனுக்குப் படைத்து, அண்டாவோடு ஆட்டோவில் கொண்டுவருவார். வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஊற்றுவார். கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் பங்கு உள்ளே வந்துவிடும். நாங்கள் ஆளுக்கொரு தூக்கில் வாங்கி, மூடி வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோவோம். நாங்கள் அங்கேயே குடிப்பதில்லை என்று யாரும் கவனித்தது கிடையாது.

அந்த வருஷம் பெரியம்மாவுக்கு மூட்டுவலி. வெயிலில் நிற்க முடியவில்லை. வாசலில் ஊற்ற வேறு ஆளை நிறுத்திவிட்டு, லிஃப்டில் முதல் மாடிக்கு வந்து, மேனேஜர் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் அண்டா. வெங்காயம் ஒரு தட்டு, மோர் மிளகாய் ஒரு தட்டு, முருங்கைக்கீரை ஒரு கிண்ணம். மணி பதினொன்றரை. "கடைக்காரப் பொண்ணுங்க எல்லாம் வாங்க. என் எதிர்ல குடிச்சிட்டுப் போங்க. பார்த்தாதான் எனக்கு மனசு ரொம்பும்" என்றார். பெரிய எவர்சில்வர் சொம்பில் தளும்பத் தளும்ப மோர் கலந்து கரைத்து வைத்திருந்தார்.

கருணாபுரத்து அக்காதான் முதலில் போனார். சொம்பை வாங்கி, கண்ணில் ஒற்றி, ஒரு மிடறு குடித்துவிட்டு நின்றார்.

"இன்னாமா, நாக்குல வச்சிட்டு நிக்கற?"

"விரதங்கம்மா."

"கூழுக்கு ஏதுமா விரதம்?" என்று பெரியம்மா சிரித்தார். அடுத்தவள் தனக்கு வயிறு சரியில்லை என்றாள். மூன்றாவதாக வந்தவள் தானும் விரதம் என்றாள். நான்காமவள் தூக்கு எடுத்துவரப் போகிறேன் என்று திரும்பினாள். பெரியம்மாவின் சிரிப்பு போய்விட்டது. கரண்டியை அண்டாவின் விளிம்பில் வைத்தார்.

"ஏம்மா, என் கையால ஊத்தறது உங்களுக்குப் புடிக்கலையா? விடிகாலையில எழுந்து காய்ச்சினது. ஆத்தாளுக்குப் படைச்சது. வேணாம்னு சொல்றீங்களே."

எங்கள் பக்கத்தில் ஆடிக் கூழை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பகையாளி வீட்டுக் கூழாக இருந்தாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அடுத்தது நான். சொம்பு என் கைக்கு வந்துவிட்டது. விரதம் என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. என் மகளின் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்புவது ஞாபகம் வந்தது.

"கூழு நல்லாத்தாங்க இருக்கும் பெரியம்மா" என்றேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும். ரெண்டு மணி வரைக்கும் சாவி தர மாட்டாங்க. அதான் யாரும் குடிக்கல."

மாடியில் ஆவணிக் கல்யாணத்துக்கு ஒரு பார்ட்டி முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இன்னா சாவி?" என்றார் பெரியம்மா.

"ஒண்ணுமில்லீங்கம்மா, சீசன் கூட்டம், அதுக்காக ஒரு ஒழுங்குக்கு..." என்று மேனேஜர் எழுந்தார்.

நான் கையை நீட்டி ஆணியைக் காட்டினேன். பெரியம்மா திரும்பிப் பார்த்தார். எடுத்துத் தரச் சொன்னார். கட்டை அவர் மடிக்கு வந்தது. புரட்டிப் பார்த்தார். அதன் முனையில் ஒரு பித்தளைப் பூண் உண்டு. நாங்கள் தினமும் தொட்டுக்கொண்டிருந்தோம், யாரும் கவனித்தது இல்லை. பெரியம்மா முந்தானையால் அதைத் துடைத்தார்.

"இது அவரு கட்டை" என்றார்.

கடையை ஆரம்பித்த பெரிய முதலாளி, அவர் வீட்டுக்காரர், துணி அளந்த கட்டையாம். திருக்கோவிலூர் சந்தையில் துணி மூட்டை வைத்து விற்ற காலத்திலிருந்து கூடவே இருந்ததாம். அவர் போன பிறகு அதைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாராம்.

"இதை இன்னாத்துல கட்டி வச்சிருக்கீங்க?" என்று மேனேஜரைக் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்குக் கோபம் வந்தது எங்களுக்காக இல்லை, கட்டைக்காக. எங்கள் மூத்திரப்பையைப் பற்றி அவர் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சணல் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, கட்டையைப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"சாவி இங்க இருக்குது. குடி."

குடித்தேன். சொம்பு முழுவதும், மூச்சு விடாமல். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டேன். ஆறு வருஷத்தில் பகல் வேளையில் என் வயிறு அப்படி நிறைந்தது கிடையாது. சொம்பைக் கழுவி வைத்துவிட்டு, மேசை மேலிருந்த சாவியை நானே எடுத்துக்கொண்டு மேலே போனேன். திரும்பி வந்தபோது கருணாபுரத்து அக்கா சொம்பைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். விரதக்காரிகள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். சாவியை அக்கா கையில் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் போனில், "அத்தினி பேரு முன்னாடியா சொன்னே? வேற வார்த்தையே கெடைக்கலையா உனக்கு?" என்றார். கிடைக்கவில்லை என்றேன். பிறகு, வேலை போனால் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் வேலை செய்யும் இடத்திலும் சித்தாள் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை, இத்தனை நாள் அதை யோசித்ததே இல்லை என்றார்.

வேலை போகவில்லை. மறுவாரம் என்னை சில்க் செக்‌ஷனிலிருந்து எடுத்துக் கீழே குடோனில் போட்டார்கள். துணிக்கு விலை ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஜன்னல் இல்லாத அறை. ஆள் குறைவு என்று காரணம் சொன்னார் மேனேஜர். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. கருணாபுரத்து அக்கா ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. பயம்தான் காரணம், எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதேன். புடவை பிரித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அது போனது வலித்தது, இன்னும்தான் வலிக்கிறது.

கழிப்பறைக் கதவிலிருந்து பூட்டை எடுத்தது யார் உத்தரவு என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. பெரியம்மா மகனிடம் சொன்னார் என்கிறார்கள். கட்டையில்லாத சாவி இரண்டாம் நாளே தொலைந்துபோனது, பூட்ட முடியவில்லை என்றும் ஒரு பேச்சு. அந்தச் சாவியை யார் தொலைத்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அக்கா தானாகவே குடோனுக்கு வந்து, என் மேசையில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு என் மகள் துணி எடுக்கக் கடைக்கு வந்தாள். வேலை பார்க்கிற கடையிலேயே எடுத்தால் எங்களுக்குத் தள்ளுபடி உண்டு. நான் குடோனிலிருந்து மேலே வந்து, தரைத்தளத்தில் சுடிதார் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் நெரிந்தது. மேனேஜர் படிக்கட்டுப் பக்கம் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். அவள் சுடிதாரைக் கீழே வைத்துவிட்டு, நல்ல சத்தமாகக் கேட்டாள்.

"அம்மா, ஒண்ணுக்குப் போவணும். எங்க?"

மேனேஜர் திரும்பினார். பில் போடுகிறவர் திரும்பினார். என் கை தானாக அவள் வாயைப் பொத்தப் போனது. பாதியில் அதை இறக்கிக்கொண்டேன்.

"மூணாவது மாடி, வலது கைப் பக்கம்" என்றேன், அவளைவிடச் சத்தமாக. "பூட்டு இல்ல, போ."

தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, மேனேஜரைத் தாண்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு படியேறினாள். பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது. அதை நான் குடித்தேன்.